நூறு மீட்டருக்குக் கீழே மூச்சு கனக்கும்

கடலிலிருந்து நேராக, டைவர்களுக்குச் சிகிச்சை தரும் எங்கள் அழுத்த அறைக்கு வருகிறவர்களிடம் நடந்ததை விவரமாகக் கேட்பது என் வேலையில் பாதி. மிக ஆழம் போகும் டெக்னிக்கல் டைவர்கள் பெண்ட்ஸைப் பற்றி, அதாவது ரத்தத்திலும் திசுக்களிலும் உருவாகும் குமிழிகளைப் பற்றி, என்னிடமே பாடம் நடத்துவார்கள். "கீழே மூச்சு எப்படி இருந்தது?" என்று கேட்டால்தான் தயங்குவார்கள். "கொஞ்சம் இரைத்தது டாக்டர், பதற்றம்தான்" என்பார்கள். அந்த இரைப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டரில் மொத்தம் 11 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 220 லிட்டர் வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் மேலே இரண்டு மணி நேரம் வரும். அங்கே 11 நிமிடம்கூட முழுதாக வராது. இந்தக் கணக்கு எல்லா டைவர்களுக்கும் தெரியும். பலர் யோசிக்காதது, அதே வாயு அங்கே 11 மடங்கு அடர்த்தியாகவும் இருக்கிறது என்பதை.

அடர்ந்த வாயுவை வெளியே தள்ள நுரையீரலால் ஓரளவுக்கு மேல் முடியாது. எவ்வளவு முக்கினாலும் மூச்சுக்குழாய்களில் வாயுவின் வேகம் அதிகரிக்காது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அது தேங்கத் தேங்க இன்னும் வேகமாக மூச்சு வாங்கத் தோன்றும். அந்த உழைப்பே மேலும் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். அப்புறம் பதற்றம், குழப்பம், நினைவு தப்புதல். வாயுவின் அடர்த்தியை லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 6.2 கிராமை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள் என்பது எங்கள் துறையின் பரிந்துரை. சாதாரணக் காற்று 30 மீட்டரிலேயே 5.2ஐத் தொட்டுவிடும். ஆக்சிஜன், நைட்ரஜனோடு ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ், ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையைக் குறைப்பதற்காக மட்டும் இல்லை, மூச்சு லேசாக இருப்பதற்காகவும்தான். விலையைப் பார்த்து ஹீலியத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

டேவிட் ஷா 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மான்ஸ்காட் குகையில் 270 மீட்டரில் இறந்தார். 1994இல் அங்கே இறந்த டியோன் டிரேயரின் உடலை எடுக்கப் போனவர். வெளிவிட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திருப்பித் தரும் ரீபிரீதர் கருவி போட்டிருந்தார், அனுபவமும் இருந்தது. எலும்புக்கூடாக இருக்கும் என்று நினைத்த உடல் மிதக்கத் தொடங்கியது, விளக்கின் கம்பி சிக்கியது, அவர் போராடினார். தலைக்கவசக் கேமராவில் அவருடைய மூச்சு வேகமாகிக்கொண்டே போவது பதிவாகியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு தேங்கியதால் வந்த சுவாசச் செயலிழப்பு என்றுதான் மருத்துவ ஆய்வு சொன்னது. மேலே அது சாதாரண வேலை. அந்த ஆழத்தில் அந்த உழைப்பை நுரையீரல் தாங்கவில்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கீழே இரைப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். துடுப்பை அசைக்காதீர்கள், எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், நிதானமாக முழு மூச்சை வெளியே விடுங்கள். அடங்கவில்லை என்றால் அன்றைய டைவ் அங்கேயே முடிந்தது. "இன்னும் ஒரு நிமிடம்" என்று மூளை கெஞ்சும். அந்த மூளையே போதையில் இருக்கிறது, அதை நம்பாதீர்கள்.

அழுத்தம் கூடினால் ஆக்சிஜனும் ஆளைக் கொல்லும். 50 சதவீத ஆக்சிஜன் உள்ள சிலிண்டர் 21 மீட்டர் வரைக்கும்தான். சுத்த ஆக்சிஜன் 6 மீட்டர் வரைக்கும்தான். அவசரத்தில் தவறான சிலிண்டரின் ரெகுலேட்டரை, அதாவது மூச்சு வாங்கும் கருவியை, வாயில் வைத்தால் முன்னறிகுறியே இல்லாமல் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மூழ்கித்தான் போவார். ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள ஆக்சிஜனை நீங்களே அளந்து, ஆழத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கடையில் அளந்தார்கள் என்பது போதாது.

இத்தனைக்கும் பிறகு மேலே வரவும் அவசரப்பட முடியாது, வேகமாக ஏறினால் உடலில் குமிழிகள் உருவாகும். நூனோ கோமஸ் 2005இல் செங்கடலில் 318 மீட்டர் இறங்க எடுத்துக்கொண்டது கால் மணி நேரத்துக்கும் குறைவு; ஏறுவதற்கு 12 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்கக் குளிர், களைப்பு, மிச்சமிருக்கும் வாயு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

கடைசியாக, வந்த பிறகு மறைக்காதீர்கள். தோள்வலியை "சிலிண்டர் தூக்கியது" என்றும், தலைசுற்றலை "படகு ஆடியது" என்றும் சொல்லிவிட்டு மறுநாள் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆழமான டைவுக்குப் பின் தலைசுற்றலும் வாந்தியும் உள்காதில் குமிழி இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். தாமதமானால் சமநிலை முழுதாகத் திரும்பாமலே போகலாம். படுக்க வைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள், அழுத்த அறைக்குத் தகவல் சொல்லுங்கள். சரிசெய்துவிடலாம் என்று மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விட்டது, இனி வர வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். வரத்தான் வேண்டும். வலி போனாலும் குமிழி இருக்கலாம், ஆக்சிஜனை நிறுத்தியதும் அறிகுறிகள் திரும்பவும் வரலாம்.