புதுக் காரில் அலாய் வீலும் லோவரிங் ஸ்பிரிங்கும்: மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது

கார் டெலிவரி எடுத்து, கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய ஈரம் காய்வதற்குள், அந்தச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு போடலாமா என்ற எண்ணம் இளைஞர்கள் பலருக்கு வந்துவிடுகிறது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அலாய் வீல் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் போடலாம் என்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் ஆர்டிஓ ஆபீசில் பிடித்துவிடுவார்கள் என்பார். இரண்டுமே முழு உண்மை இல்லை. சக்கரத்துக்கு ஒரு நியாயமும், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு வேறொரு நியாயமும் இருக்கின்றன.

அடிப்படை விதி 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தின் உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். ஒப்புதல் பெற்ற கேஸ் கிட் பொருத்தி எரிபொருளை மாற்றுவது, மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வாகனத்தை அமைப்பது, அனுமதி பெற்று இன்ஜினை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தப் பிரிவு வழிவிடுகிறது. அனுமதியின்றி மாற்றம் செய்துவிட்டவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அனுமதிக்க முடியாத மாற்றத்தைத் தெரிவித்தாலும் அது அனுமதிக்க முடியாததாகவே இருக்கும்.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் விளக்கியது. பதிவுச் சான்றில் இடம்பெறுவதற்காகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களை மாற்றும்படி எந்த வாகனத்தையும் திருத்தி அமைக்க முடியாது என்பதே தீர்ப்பு. "இனி ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாதாம்" என்று அன்று பரவிய பேச்சு தீர்ப்பைப் படிக்காதவர்கள் கிளப்பியது. தீர்ப்பின் பிடி பதிவுச் சான்றின் விவரங்களில் இருக்கிறது. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயர், மாடல், பாடி வகை, நிறம், இருக்கை எண்ணிக்கை, இன்ஜின் கொள்ளளவு, எரிபொருள், எடை போன்றவை இருக்கும். டயர் அளவைப் பதிவுச் சான்றில் எழுதும் வழக்கம் லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத்தான்.

தண்டனையை விதிப்பது 2019 திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு. சட்டத்திலோ விதிகளிலோ அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. உதிரிபாகங்களை மாற்றிப் பொருத்துவதும் இதில் சேரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பதால், "ஆர்.சி.யில் ஸ்பிரிங்கைப் பற்றி எங்கே இருக்கிறது" என்று வாதாடுவதற்கு முன் இந்தச் சொற்களை ஒரு முறை படித்துவிடுவது நல்லது. விற்பனையாளரோ தயாரிப்பாளரோ இப்படி மாற்றி விற்றால் தண்டனை இன்னும் கடுமையானது: ஓராண்டு வரை சிறை, அல்லது வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஷோரூம்காரர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் வெளிக்கடையைக் கைகாட்டுவதில் வியப்பில்லை.

இனி சக்கரம். எந்த அளவுக்கு நிம்மதியாகப் போகலாம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதே மாடலின் விலை கூடிய வேரியண்டில் வேறு அளவு இருப்பதும் உண்டு. மாருதி ஸ்விஃப்ட் 165/80 ஆர்14 டயரிலும் 185/65 ஆர்15 டயரிலும் விற்கப்படுகிறது (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). பலேனோவில் 185/65 ஆர்15, 195/55 ஆர்16 என இரண்டு அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த மூன்று டயர்களின் மொத்த விட்டமும் முறையே சுமார் 620, 622, 621 மில்லிமீட்டர்; ரிம் 14-லிருந்து 16 அங்குலமாக வளர்ந்தபோதும் வெளிவட்டம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும் என்ற பாடம் அந்த மூன்று எண்களில் இருக்கிறது. அடிமட்ட வேரியண்ட் வாங்கியவர், தம் காரின் மேல் வேரியண்டுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலேயே, முடிந்தால் தயாரிப்பாளரின் சொந்த அலாய் வீலையே வாங்கிப் போட்டால், சட்டமும் காப்பீடும் வாரண்டியும் ஒருசேரப் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

சிக்கல், "நெறவா இருக்கட்டுமுங்க" என்று சொல்லி அதே 15 அங்குல ரிம்மில் 205/65 டயரை ஏற்றும்போது தொடங்குகிறது. அதன் விட்டம் 647 மி.மீ.க்கு மேல், முன்பைவிட நான்கு சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது கார் 83-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் 13 மி.மீ. மேலே ஏறியிருக்கும், ஐந்து பேர் ஏறி ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் அதனால்தான் வருகிறது.

விட்டம் சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களுக்கு நான்கு போல்ட், அவற்றின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., கடையில் இதை "ஃபோர் ஹண்ட்ரட் பி.சி.டி." என்பார்கள். இரண்டுக்கும் நடுத்துளை 54.1 மி.மீ.தான். ஆனால் சுசுகி போல்ட்டின் மரை 12க்கு 1.25 (போல்ட்டின் தடிமன் 12 மி.மீ., மரைகளுக்கு இடைப்பட்ட தூரம் 1.25 மி.மீ.), ஹூண்டாயுடையது 12க்கு 1.5, நட்டை மாற்றி முறுக்கினால் மரை கெட்டுவிடும். எல்லாக் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று பல அலாய்களில் நடுத்துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் வளையத்தைப் போடாமல் மாட்டினால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அவினாசி ரோட்டில் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கும். ரிம்மின் உட்புறத்தில் 'ஈ.டி.' என்று தொடங்கும் எண், சக்கரம் எவ்வளவு உள்வாங்கி நிற்கும் என்பதைக் குறிப்பது. ஈ.டி. 45 இருந்த இடத்தில் 35 போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 10 மி.மீ. வெளியே வரும். அதோடு அகலத்தையும் ஓர் அங்குலம் கூட்டினால் வெளிவிளிம்பு மேலும் 12.7 மி.மீ. தள்ளும். பார்க்க எடுப்பாக இருக்கும். வீல் பேரிங்குக்குச் சுமை, மட்கார்டுக்கு வெளியே சேறு.

வாங்கும்போது ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேட வேண்டும். அலாய் வீலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 16192; கார் டயருக்கானது ஐ.எஸ். 15633. பிராண்டு பெயரின் பிரதியை மட்டும் பொறித்து, தாங்கும் எடையைக்கூடக் குறிப்பிடாத ரிம்மை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக் கூடாது. டயரின் சுவரில் 88எச் என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும், மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை பொறுக்கும் என்று பொருள். 87 என்றால் 545 கிலோ, 85 என்றால் 515 கிலோ. தயாரிப்பாளர் கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. அருகிலேயே முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர்.

இனி ஸ்பிரிங். காரை 30, 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்கைவிடக் கட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஷாக் அப்சார்பர் அப்படியே இருப்பதால், அது இயங்க வேண்டிய தூரம் குறைந்து, சின்னக் குழியிலும் ரப்பர் தடுப்பில் போய் மோதும். முன்சக்கரங்களின் கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோவும் (முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறுவதால் அலைன்மென்ட் செய்தே தீர வேண்டும். பெரும்பாலான சிறு கார்களின் பின் அச்சில் திருத்துவதற்கு வழியே கிடையாது. முன்னும் பின்னும் ஒரே அளவு தாழவில்லையென்றால் ஹெட்லைட்டின் ஒளி விழும் இடமும் மாறிவிடும். இவையெல்லாம் தரமான ஸ்பிரிங்கைப் பற்றியவை. இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துப் போடும் வேலை சில பட்டறைகளில் இன்னும் நடக்கிறது; அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் குழியில் தொங்கும்போது இடம் மாறிப் போகலாம். அதைச் செய்யாதீர்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேகத்தடைக் கணக்கு ஒன்றை இங்கே பார்க்க வேண்டும். இந்திய சாலைப் பேரவையின் நெறிமுறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வில்லாக இருக்க வேண்டும். 2.45 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே இருக்கும். நடு வயிற்றுக்குத் தேவைப்படும் இடைவெளி சுமார் 44 மி.மீ. மட்டுமே. நம் ஊர்களில் ஒரே இரவில் முளைக்கும் சிமென்ட் வரப்பு அப்படியா இருக்கிறது? ஒரு முழம் அகலமும் 15 செ.மீ. உயரமுமாக ஒன்று குறுக்கே கிடந்தால், கார் அதைத் தாண்டும்போது முழு 15 செ.மீ.யும் வயிற்றுக்குக் கீழே வேண்டும். ஆளில்லாத காருக்கு 165 மி.மீ. இடைவெளி இருந்து, ஸ்பிரிங் 35 மி.மீ. எடுத்துக்கொண்டு, ஐந்து பேரும் பெட்டியும் இன்னொரு 35 மி.மீ. எடுத்துக்கொண்டால், மிச்சம் 95 மி.மீ., அதாவது ஒன்பதரை செ.மீ.தான்.

என் தங்கை மகன் புதுக் காருக்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு பெருந்துறைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வந்தான். இருபுறமும் வேலி உள்ள இட்டேரி வண்டித்தடத்தின் நடுமேட்டில் வண்டி உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் இறங்கிய பிறகுதான் நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கி வேலியோரம் நடந்த அவனுடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "ஏஞ் சாமி, இத்தன காசு குடுத்துக் காரு வாங்கிப்போட்டு, மேடு வந்தா நடக்கோணுமா?" என்று கேட்டார். ஸ்பிரிங் மாட்டிய கடைக்காரர் பில்லில் எழுதியிருந்தது "சஸ்பென்ஷன் ஒர்க்" என்ற இரண்டே சொற்கள். அந்தப் பில்லை வைத்துக்கொண்டு அவனால் எதையும் கேட்க முடியவில்லை.

சாலையில் ஓடும் சொந்தக் காரில் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போடுவதற்கு, ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கி வரும் நடைமுறை வழி எதுவும் இல்லை. உயரம் ஆர்.சி.யில் இல்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். 182ஏ பிரிவின் சொற்கள் அந்த வாதத்துக்குச் சாதகமாக இல்லை. அந்த வாதத்தை 5,000 ரூபாய்க்கும் கோர்ட்டு அலைச்சலுக்கும் ஈடாக வைத்து விளையாடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டத்தானே போடுகிறேன் என்பவர்கள், கார் வீட்டிலிருந்து செட்டிபாளையம் வரை பொதுச் சாலையில்தான் வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காப்பீட்டுப் பக்கம் பலர் கவனிப்பதில்லை. பின்னால் வாங்கிப் போட்ட அலாய் வீல், பாலிசியின் கணக்கில் மின்சாரம் சாராத கூடுதல் பொருள். அதன் மதிப்பைத் தெரிவித்து, பிரீமியம் கட்டி, பாலிசியில் எழுதி வாங்கினால்தான் அதற்குப் பாதுகாப்பு. எழுதாமல் விட்டால், விபத்தில் 60,000 ரூபாய் வீல் உடைந்தாலும் சர்வேயர் கம்பெனி ஸ்டீல் ரிம்முக்குத்தான் விலை போடுவார். டயருக்கு மட்டும் சேதம் என்றால் வழக்கமான பாலிசி எதுவும் தராது. வண்டிக்கும் சேர்ந்து சேதமாகியிருந்தால் டயர் மாற்றும் செலவில் பாதி வரைதான். கூடுதல் கவரேஜ் எடுத்தவர்களுக்கு இது மாறும். ஸ்பிரிங் மாற்றியதைத் தெரிவிக்காமல் இருந்து, விபத்துக்கு அதுவே காரணம் என்று சர்வேயர் எழுதிவிட்டால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை தகராறில் போய் நிற்கும். மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவித்து, வந்த பதிலைப் பாலிசியோடு சேர்த்து வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கடனில் வாங்கிய காராக இருந்தால், மாற்றம் செய்யும் முன் கடன் கொடுத்தவரின் ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். தவணை முறை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் வண்டியில், ஒப்புதல் தேவைப்படும் எந்த மாற்றத்தையும் பதிவு உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்பதும் 52-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வாரண்டியைப் பொறுத்தவரை, சக்கரம் மாற்றியதற்காக ஏ.சி. பழுதை மறுக்க மாட்டார்கள்; வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் பாகங்கள் என்று போனால் மறுப்பார்கள், மறுப்பதில் நியாயமும் இருக்கும்.

கழற்றிய ஒரிஜினல் சக்கரங்களையும் அவற்றின் நட்டுகளையும் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அலாய்க்கான நட்டின் அடிப்பகுதியும் ஸ்டீல் ரிம்முக்கான நட்டின் அடிப்பகுதியும் வேறு வடிவத்தில் இருக்கக்கூடும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி ஸ்டீல் ரிம்மாக இருந்தால், திம்பம் கொண்டை ஊசி வளைவில் பஞ்சராகி நிற்கும் இரவில் அந்தப் பழைய நட்டு நான்கும் டூல் பையில் இருக்க வேண்டும்.