சாவி, திறப்பு, தாக்கோல்

யாழ்ப்பாணத்து ஃப்ரெண்ட் ஒருத்தர் கூட ரூம்ல இருந்தப்போ ஒரு நாள் கதவுகிட்ட நின்னுக்கிட்டு "திறப்பை எங்க வச்சனீங்கள்?"னு கேட்டாரு, எனக்கு ஒண்ணுமே புரியல, திறப்புன்னா நமக்கு திறப்பு விழாதானே ஞாபகம் வரும். அவர் கேட்டது சாவியை.

சாவி தமிழ் வார்த்தைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். போர்த்துகீசியத்துல ‘சாவெ’, அதுல இருந்து வந்தது, இந்தில சொல்ற சாபியும் அதே வழிதான். ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அந்தக் கப்பல்ல வந்து இறங்குனதுங்கதான். இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் என்னன்னா, 1619ல இருந்து 1658 வரைக்கும் போர்த்துகீசியர் நேரடியா ஆண்டது யாழ்ப்பாணத்தை, அங்க யன்னலும் அலுமாரியும் மேசையும் ஒட்டிக்கிச்சு, ஆனா சாவி மட்டும் திறப்பாவே இருக்கு.

நம்ம பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனா தாக்கோல்னு சொல்லுவாங்க. மலையாளத்துலயும் அதே தாக்கோல்தான், அதனால மலையாளம் கலந்த பேச்சுன்னு பலபேர் ஒதுக்கிடுறாங்க, அது தப்புங்க. தாழ் + கோல், தாழ்க்கோல். "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்"னு வள்ளுவர் சொல்ற அதே தாழ். தாழ்ப்பாளை நாம எல்லாரும் வாயில தாப்பாள்னுதானே சொல்றோம், அங்க ‘ழ்’ எப்படி விழுதோ அதே மாதிரிதான் இங்கயும்.

நல்ல தமிழ்ல என்னன்னு கேட்டா எல்லாரும் திறவுகோல்னு சொல்லுவாங்க. சரியான சொல்தான், பைபிள்ல கூட "பரலோகராஜ்யத்தின் திறவுகோல்கள்"னு வருது. ஆனா அது எழுத்துலயும் மேடையிலயும் இருக்குற அளவுக்கு வீட்டுக்குள்ள இல்ல, பைக்கோட திறவுகோலைக் குடுன்னு யாரும் கேக்குறதில்ல. திறப்பும் தாக்கோலும் அப்படி இல்ல, இன்னைக்கும் சனங்க பாக்கெட்ல போட்டுட்டுத் திரியுற சொல்லுங்க. என்னைக் கேட்டா இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துக்கணும்னு சொல்லுவேன்.

இன்னொண்ணு, தமிழ்லயே வேற ஒரு சாவி இருக்கு. மணி பிடிக்காத நெல்லைக் கையில எடுத்து நசுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் உமிதான், அதைப் பாத்துட்டு "பயிர் சாவியாப் போச்சு"ம்பாங்க. ‘சா’ங்கிற வேர்ல இருந்து வந்த நம்ம சொந்தச் சொல் அது, பூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.