புரோஸ்கிரிப்ஷன் – கொலைப்பட்டியல் அறிவிப்பு

ரோமானிய உள்நாட்டுப் போர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'புரோஸ்கிரிப்ஷன்' என்ற சொல்லைத் 'தடை' என்றோ 'நாடுகடத்தல்' என்றோ பெயர்த்துவிடுவதுண்டு. இரண்டுமே அச்சொல்லுக்குள் இருக்கும் கொலையை மறைத்துவிடுகின்றன.

இதன் மூலச்சொல் இலத்தீன் மொழியின் 'ப்ரோஸ்கிரிப்டியோ'. 'ப்ரோ' என்றால் முன்னால், வெளிப்படையாக. 'ஸ்கிரிபெரே' என்றால் எழுதுதல். ஊரறிய எழுதி வைத்தல் என்பதே நேர்ப்பொருள். ஒருவருடைய சொத்து விற்பனைக்கு வருகிறது என்று பொதுவிடத்தில் எழுதி அறிவிப்பதற்கே இச்சொல் முதலில் வழங்கியது. மருத்துவர் எழுதித் தரும் 'பிரிஸ்கிரிப்ஷன்' இதே வினையடியிலிருந்து, வேறு முன்னொட்டோடு பிறந்த சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கி.மு. 82-இல் எதிரணியை வென்று ரோமைக் கைப்பற்றிய ரோமானியத் தளபதி சுல்லா இச்சொல்லின் பொருளையே மாற்றினார். முதல் பட்டியலில் 80 பெயர்கள் இருந்தன என்றும், ஒரு நாள் இடைவெளிக்குப் பின் மேலும் 220 பெயர்கள் வந்தன என்றும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். பட்டியலில் பெயர் ஏறியவரை யாரும் கொல்லலாம், கொன்றவருக்குப் பரிசு உண்டு, அடைக்கலம் தந்தவருக்கோ மரணமே தண்டனை. இறந்தவரின் சொத்து ஏலத்துக்குப் போனது. அவருடைய மகன்களும் பேரன்களும் அரசுப் பதவிக்கு வரும் உரிமையை இழந்தனர்.

பகையைவிடப் பேராசை எவ்வளவு வேலை செய்தது என்பதை ஒரு வழக்கிலேயே பார்க்கலாம். அமேரியா ஊரைச் சேர்ந்த ரோசியஸ் என்பவர் கொல்லப்பட்ட பிறகு, பட்டியல் முடிந்துபோன நிலையிலும் அவர் பெயர் அதில் சேர்க்கப்பட்டது. 60 இலட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பெறுமான அவருடைய நிலங்களைச் சுல்லாவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கிரிசோகோனஸ் வெறும் 2,000 செஸ்டர்ஸுக்கு எடுத்துக்கொண்டார். தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரோசியஸின் மகனுக்காகக் கி.மு. 80-இல் வாதாடி, இவற்றையெல்லாம் மன்றத்தில் எடுத்துரைத்தவர் இளம் வழக்கறிஞர் சிசரோ.

கி.மு. 43-இல் ஆண்டனி, ஆக்டேவியன், லெப்பிடஸ் ஆகிய ரோமானியத் தலைவர்கள் மூவரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டபோது, ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸையும் காசியஸையும் எதிர்க்கப் படை நடத்தப் பணம் தேவைப்பட்டதாலும் பழைய பகைகளைத் தீர்த்துக்கொள்வதற்காகவும் மீண்டும் பட்டியல் எழுதினார்கள். ஆண்டனியின் தாய்மாமன் பெயரும் லெப்பிடஸின் அண்ணன் பெயரும்கூட அதில் இருந்தன. அவ்விருவரும் உயிர் தப்பினர். சிசரோ தப்பவில்லை. அவருடைய தலையும் கையும் வெட்டப்பட்டு, அவர் பேசிப் புகழ்பெற்ற ரோம் நகரத்துச் சொற்பொழிவு மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

இனித் தமிழுக்கு வருவோம். இன்றைய சட்ட வழக்கில் ஓர் அமைப்பைப் 'புரோஸ்கிரைப்' செய்வதற்குத் 'தடைசெய்தல்' சரியான சொல்லே. அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. 'நாடுகடத்தல்' எங்குமே பொருந்தாது, ஏனென்றால் நாடுகடத்தப்பட்ட ரோமானியருக்கு உயிராவது மிஞ்சியது. ரோமானிய வரலாற்றுக்குக் 'கொலைப்பட்டியல்' நெருங்கி வருகிறது என்றாலும், அது இரகசியமாக வைத்திருக்கும் பட்டியலையும் குறிக்கக்கூடும். ஊரறிய எழுதுவதே மூலச்சொல்லின் உயிர் என்பதால் 'கொலைப்பட்டியல் அறிவிப்பு' என்று முழுமையாக எழுதலாம். சொத்துப் பறிப்பைச் சொல்லில் அடக்க முயலாமல், முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரியில் விளக்கிவிடலாம். வினையாக வரும்போது 'பெயர் கொலைப்பட்டியலில் ஏறியது' என்பது தமிழுக்கு இயல்பாக அமைகிறது.