என்னிடம் சொல்வது புகார் ஆகாது

"நான்தான் நாலு மாசத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டேனே சார்" என்று ஒரு ஊழியர் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பதவி உயர்வில் பாரபட்சம் காட்டித் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பது அவருடைய குறை. என்னிடம் சொன்னதையே புகார் கொடுத்ததாக நினைத்துக் காத்திருந்தார், அதற்குள் முறைப்படி புகார் செய்வதற்கான காலக்கெடு முடிந்துவிட்டது.

அரசு அலுவலகம் ஒன்றில் ஊழியர்களுக்கான குறைதீர்ப்பாளராக, அதாவது ஆம்புட்ஸ்மேனாக, வேலை பார்க்கிறேன். பெயருக்குள்ளேயே 'தீர்ப்பு' இருப்பதால் இவர் விசாரித்து முடிவு சொல்வார் என்று நினைத்து வருகிறார்கள். 1809-இல் ஸ்வீடனின் அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற ஆம்புட்ஸ்மேனுக்கு அதிகாரிகள் மீது வழக்குத் தொடரும் அதிகாரமே உண்டு. அலுவலகத்துக்குள் இருக்கும் என் போன்றவர்களின் வேலை வேறு. சுதந்திரம், நடுநிலை, ரகசியம், முறைசாராத் தன்மை என்ற நான்கும்தான் எங்கள் தொழிலின் அடிப்படை. நான் யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது, இடமாறுதலை ரத்து செய்ய முடியாது, உங்கள் பக்கம் நின்று வாதாடவும் முடியாது.

அப்புறம் எதற்கு வர வேண்டும்? பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் முன் எத்தனை வழிகள் இருக்கின்றன என்றே தெரிவதில்லை. மதிப்பீட்டு அறிக்கையில் காரணமே சொல்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்று கொதித்துப்போய் வருபவரிடம், மேலதிகாரியிடம் நேரில் பேசிப் பார்க்கலாமா, எழுத்தில் விளக்கம் கேட்கலாமா, மேல்முறையீடு செய்யலாமா, சங்கத்தை அணுகலாமா, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், எதை இழக்க நேரிடும் என்று நிதானமாகப் பேசுவோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் முடிவு. அவர் சம்மதித்தால் மட்டும் நான் மேலதிகாரியிடம் பேசுவேன். மேலதிகாரிகளும் என்னிடம் வருகிறார்கள், ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது, எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை என்று.

ரகசியம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பெயர் வைத்த கோப்பு எதுவும் என்னிடம் இல்லை. பேசும்போது எடுத்த குறிப்பை வேலை முடிந்ததும் கிழித்துவிடுகிறேன். ஒருவர் என்னைப் பார்க்க வந்தார் என்பதைக்கூட வெளியே சொல்வதில்லை. ஓர் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வாய் திறப்பேன். அதனால்தான் சொல்கிறேன், விவரங்களை அலுவலக மின்னஞ்சலில் எழுதி எனக்கு அனுப்பாதீர்கள். அது அலுவலகத்தின் சர்வரில் கிடக்கும், என் வாக்குறுதி அதைக் காப்பாற்றாது. 'பேச வேண்டும்' என்று மட்டும் அனுப்புங்கள், போதும்.

ஒரே பிரிவிலிருந்து ஐந்தாறு பேர் ஒரே மாதிரிக் குறையோடு வந்தால், பெயர் எதுவும் இல்லாமல் போக்கை மட்டும் தலைமையிடம் சொல்வேன். ஆனால் மூன்று பேர் மட்டுமே இருக்கும் பிரிவு என்றால்? பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும். அப்போது மற்றப் பிரிவுகளிலும் அதே குறை வரும்வரை காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு அங்கே கஷ்டப்படுகிறவருக்கு எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும், இந்த வேலையில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

சரி, காலக்கெடுவுக்கு வருகிறேன். என்னிடம் பேசுவதால் அது நிற்காது. அலுவலகத்துக்கு அறிவித்ததாகவும் ஆகாது. பாகுபாடு குறித்துப் புகார் செய்ய விரும்பும் அமெரிக்க மத்திய அரசு ஊழியர் 45 நாட்களுக்குள் அதற்கென இருக்கும் ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும். பணியிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் தருகிறது, தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு அதை இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். உங்கள் குறைக்கு எத்தனை நாள் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஊழியரிடமும் முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லியிருந்தேன். உடைந்துபோய் உட்கார்ந்திருந்தவர் காதில் அது விழவில்லை. இப்போதெல்லாம் கிளம்பும்போது இன்னொரு முறை சொல்லி, எந்த அலுவலரிடம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று அவர்களையே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.