கம்பைலர் நிறுத்தினால் அந்த வரியை அழிக்காதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. கொள்ளுப்பிட்டிக் கடையொன்றின் பில் கணக்கில் ஒரு சதம் குறைகிறது என்று முறைப்பாடு வந்தது. சி பிளஸ் பிளஸ் நிரலைத் திறந்தேன். தொகையைச் சதத்தில், முழு எண்ணாக மட்டும் ஏற்கவேண்டிய டெம்ப்ளேட் (பல வகைத் தரவுக்கும் பொருந்தும் நிரல் அச்சு) அது. நிபந்தனை பொய்த்தால், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரை அங்கேயே நிறுத்தி அதைக் காத்துநின்ற ஸ்டாட்டிக் அசெர்ட் வரியைக் காணவில்லை.

“அண்ணா, முழு எண்ணைக் கொடுத்தாலும் பிழை காட்டியது. அதனால் எடுத்துவிட்டேன்” என்றார் உடன் வேலைசெய்யும் தம்பி.

அதன் பிறகு யாரோ 19.99 ரூபாயை 100 ஆல் பெருக்கி டபுளாகவே (தசம எண் வகை) அனுப்பியிருக்கிறார்கள். கிடைப்பது 1998.9999999999998. முழு எண்ணாக மாற்றும்போது தசமம் வெட்டுப்பட்டு 1998 சதம். நாள் முடிவில் அந்த ஒரு சதத்தைத் தேடிக் காசாளர் உட்கார்ந்திருந்தார்.

கம்பைலர் குழம்பவில்லை, தம்பி. நீங்கள் அளவுருவில் இரண்டு ஆம்பர்சண்ட் (&&) சேர்த்தீர்கள். 10 என்று நேரே கொடுத்தால் வகை இன்ட் (முழு எண்); மாறியைக் கொடுத்தால் இன்ட் ரெஃபரன்ஸ் (அந்த மாறிக்கு இன்னொரு பெயர்). அந்த அசெர்ட் வரியில் உள்ள ‘இஸ் இன்டெக்ரல்’ (முழு எண் வகையா என்ற சோதனை) கேட்பது பெறுமதியை அல்ல, வகையை. இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! 5.0 முழு எண்போலத் தெரிந்தாலும் அதன் வகை டபுள், விடை இல்லை. எனம் (enum, பெயரிட்ட மாறிலிகளின் பட்டியல்) உள்ளே எண்ணை வைத்திருந்தாலும் அது தனி வகை; விடை இல்லை. ரெஃபரன்ஸும் தனி வகையே. ஆனால் கான்ஸ்ட் இன்ட்டுக்கு (மாற்றமுடியாத இன்ட்) விடை ஆம். எந்த வகையும் முதன்மைப் பிரிவுகளில் ஒன்றில் மட்டுமே அடங்கும்.

மறுபக்கமும் உண்டு. பூலும் (ஆம்/இல்லை வகை) கேரும் (எழுத்து வகை) இந்தச் சோதனையில் தேறிவிடும். ‘தொகை இருக்கிறதா’ என்ற கேள்வியின் விடையைத் தொகையென்று அனுப்பினால் பில் ஒரு சதத்துக்கு வரும். சி பிளஸ் பிளஸ் 20 பதிப்பின் இன்டெக்ரல் கான்செப்டும் (வகைக்கான நிபந்தனை) பூலைத் தடுக்காது.

ஆகவே ரெஃபரன்ஸை முதலில் உரித்துவிட்டுச் சோதியுங்கள்: 20இல் ‘ரிமூவ் சிவிரெஃப்’, அதற்கு முன் ‘ரிமூவ் ரெஃபரன்ஸ்’. பூலைத் தனியாக விலக்குங்கள். நிரல் ஓடும்போது சோதிக்கும் சாதாரண அசெர்ட்டைப் பதிலுக்கு வைக்காதீர்கள். என்டிபக் (அசெர்ட்டை அணைக்கும் அமைப்பு) போட்டுக் கட்டிய வெளியீட்டில் அது இருக்காது. உங்கள் சொந்த வகுப்பைத் தேறவைக்க ‘இஸ் இன்டெக்ரலுக்கு’ நீங்களே தனி வடிவம் எழுதுவதும் (ஸ்பெஷலைஸ்) கூடாது. மொழியின் விதி அதற்கு இடம் தரவில்லை. நிரல் மெதுவாகும் என்று அஞ்சவும் வேண்டாம், இந்தச் சோதனை ஓடும் நேரத்தில் நடப்பதே இல்லை.

தயவுசெய்து ஸ்டாட்டிக் அசெர்ட்டில் ‘சதத்தில் முழு எண் மட்டும்’ என்று செய்தியையும் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு அந்தப் பிழையைப் படிக்கப்போகிறவர் உங்களுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த இன்னொரு தம்பியோ தங்கையோதான்.