டபுள் கிளேசிங்: மெருகுமில்லை, ஊட்டலுமில்லை

லண்டனில் ஹாரோ பக்கம் குடியிருக்கும் சித்தி ஒரு மாசி மாதக் காலையில் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, யன்னலுக்கு உள்ளே மழை பெய்கிறது.” கூரை ஒழுகி ஜன்னல் வழியாகத் தண்ணீர் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். விசாரித்தபோதுதான் புரிந்தது. அவர் சொன்னது வீட்டுக்கு உள்ளே என்று அல்ல, கண்ணாடிக்கு உள்ளே. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நீர்த்துளிகள் கோத்து நின்றன. உள்ளிருந்து துடைத்தாலும் வெளியிலிருந்து துடைத்தாலும் போகவில்லை.

அதற்குள் அவர் இணையத்தில் தமிழில் தேடிப் பார்த்துவிட்டார். ‘இரட்டை மெருகூட்டப்பட்ட ஜன்னல்களின் பொதுவான சிக்கல்கள்’ என்று ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மெருகு போய்விட்டது போலிருக்கிறது. எந்தப் பக்கம் மெருகு போட வேண்டும்?”

அந்தக் கேள்விக்குச் சித்தியைக் குறை சொல்ல முடியாது. குற்றம் சொல்லில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ‘இரட்டை மெருகூட்டல்’ ஆங்கில ‘டபுள் கிளேசிங்’கின் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘கிளேஸ்’ என்ற வினைச்சொல் ‘கிளாஸ்’ என்ற பெயரிலிருந்து பிறந்தது. சட்டத்தில் கண்ணாடி பதிப்பது அதன் ஒரு பொருள். அந்தத் தொழிலைச் செய்பவர் ‘கிளேசியர்’. மண்பாண்டத்தின் மேல் கண்ணாடி போன்ற பளபளப்பான பூச்சைச் சுட்டு ஏற்றுவது அதே சொல்லின் இன்னொரு பொருள். பண்டத்தின் மீது பாகு பூசுவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு இயந்திரம் இந்தப் பூச்சுக் கிளையைப் பிடித்துக்கொண்டு ‘மெருகூட்டல்’ என்று எழுதிவிட்டது. டபுள் கிளேசிங்கில் ஊட்டுவதற்கு மெருகு எதுவும் இல்லை. இரண்டு கண்ணாடிப் பலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பது என்பதே அதன் பொருள். இரட்டைப் பதிப்பு என்றால்கூடப் பாதி சரி. இரட்டை மெருகு என்றால் முழுவதும் தவறு.

‘ஜன்னல்’ என்ற சொல்லுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. போர்த்துக்கீசியரின் ‘ஜனெலா’தான் தமிழகத்தில் ஜன்னல், சன்னல் என்றும் ஈழத்தில் யன்னல் என்றும் ஆனது. சாவி, மேசை, அலமாரி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்து இறங்கிய சொல் இது. சிங்களத்தில் ‘ஜனேலய’, மலாயில் ‘ஜெண்டேலா’ என்று போன துறைமுகமெல்லாம் ஒரு பிள்ளையை விட்டுச் சென்றிருக்கிறது. அதன் இலத்தீன் மூலமான ‘யானுவா’ கதவைக் குறிக்கும். ஆகவே ஜன்னல் என்பது பிறப்பில் ஒரு குட்டிக் கதவு.

தமிழின் பழைய சொற்கள் கதவை நினைக்கவில்லை, காற்றை நினைத்தன. காலதர் என்பது கால் + அதர், காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் ‘மான்கண் காலதர் மாளிகை’ வருகிறது. மானின் கண்போல வடிவமைத்த சாளரங்கள். பலகணி என்பதிலும் கண் இருக்கிறது. ஆங்கில ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டௌகா’விலிருந்து வந்தது, அதற்குக் காற்றின் கண் என்று பொருள். காற்றும் கண்ணும் கடல்களுக்கு அப்பாலும் இப்படிச் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சாளரம் என்ற சொல்லை இன்று பெரும்பாலும் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நெடுநல்வாடை இன்னும் ஒருபடி மேலே போகிறது. ‘வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை’ என்று சாளரத்தைச் சொல்கிறது. கோடையில் தென்றலைக் கொண்டுவந்து தரும் அந்தச் சாளரத்தின் கதவுகள், வாடை வீசும் கூதிர் காலத்தில் தாழிட்டுக் கிடக்கின்றன. குளிரில் ஜன்னலை என்ன செய்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. அன்று ஒரே ஒரு விடைதான் இருந்தது: மூடிவிடு. மூடினால் இருட்டு. குளிரை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது எப்படி என்பதற்கு விடையாகத்தான் இரட்டைக் கண்ணாடி வந்தது.

அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் 1865-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு கண்ணாடிகளின் ஓரங்களை ஒட்டி நடுவில் காற்றை அடைப்பது அவர் யோசனை. வீடுகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. லிபி ஓவன்ஸ் ஃபோர்டு நிறுவனம் ‘தெர்மோபேன்’ என்ற வணிகப் பெயரில் விற்ற பிறகுதான் அமெரிக்காவில் பரவியது. ருமேனியாவில் இன்றும் எந்த நிறுவனத்தின் இரட்டைக் கண்ணாடி ஜன்னலானாலும் பேச்சில் அது ‘தெர்மோபான்’தான். நம் ஊரில் நகலெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல. சென்னையின் கட்டடத் தொழிலில் ‘டி.ஜி.யு.’ (டபுள் கிளேஸ்ட் யூனிட்) என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

இனி பொருளுக்குள் போகலாம். குளிரைத் தடுப்பது கண்ணாடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கண்ணாடி வெப்பத்தை எளிதாகக் கடத்திவிடும். இன்னொரு கண்ணாடியை அதனோடு ஒட்டிவைத்தால் பெரிய பயன் இல்லை. தடுப்பது நடுவில் அசையாமல் நிற்கும் வளி. ஒற்றைக் கண்ணாடியில் வீட்டுக்கு உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறத்தாழ 5.5 வாட் வெப்பம் வெளியேறும். நடுவில் சாதாரணக் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 அளவுக்கு இறங்கும். ஒரு கண்ணாடியில் மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றி, காற்றுக்குப் பதில் ஆர்கான் வளியை நிரப்பினால் 1.2 வரை வரும். இடைவெளியை இஷ்டத்துக்கு அகலமாக்கவும் கூடாது. 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்ளிருக்கும் வளி சுழலத் தொடங்கி, வெப்பத்தைத் தானே சுமந்துகொண்டு போய் வெளியே விட்டுவிடும்.

இரு கண்ணாடிகளின் விளிம்பில் உள்ளீடற்ற ஓர் இடைச்சட்டம் சுற்றி ஓடும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் குருணை இருக்கும். உப்பு ஜாடியில் ஈரம் கோக்காமலிருக்க நான்கு அரிசி மணிகளைப் போட்டு வைப்போமே, அதே வேலை. இடைச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் போன்ற பியூட்டைல் ஒட்டு, அதற்கு வெளியே இன்னொரு தடித்த ஒட்டு. வெயில் ஏறினால் உள்ளே வளி விரிந்து கண்ணாடிகள் இம்மி அளவு புடைக்கும். இரவில் சுருங்கி உள்வாங்கும். ஜன்னல் இப்படி நாள்தோறும் மூச்சு விடுகிறது. பல ஆண்டுகள் மூச்சு விட்ட பிறகு ஒட்டு எங்காவது ஒரு மயிரிழை விலகும். அந்த வழியாக ஈரக்காற்று நுழையும். குருணை தன்னால் ஆனமட்டும் குடிக்கும், பிறகு கைவிடும். சித்தியின் ‘மழை’ அன்றுதான் ஆரம்பித்திருக்கும்.

இங்கிலாந்தில் ஜன்னல் வேலை செய்கிறவர்கள் இதை ‘ப்ளோன்’ என்பார்கள். நம்மிடம் ஒட்டு விட்டுப்போனது என்ற நல்ல வழக்கு இருக்கிறது. டயருக்கும் செருப்புக்கும் சொல்வதை ஜன்னலுக்கும் சொல்லலாம்.

ஆனால் கண்ணாடி பனித்தாலே ஒட்டு விட்டதாக முடிவு கட்டிவிடக் கூடாது. விரலால் தேய்த்துப் பாருங்கள். அறையின் பக்கம் ஈரம் கையில் வந்தால் ஜன்னலில் பிழையில்லை, வீட்டுக்குள் நீராவி அதிகம். மூடிய வீட்டில் சோறு வடிப்பதும், குளிர்காலத்தில் ரேடியேட்டர் மேல் துணி உலர்த்துவதும் போதும். ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கம் இருக்கும் சிறு காற்றுத் துளையைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் தீரும். குளிர் வருகிறதென்று பலர் அதை நாடா ஒட்டி அடைத்து வைத்திருப்பார்கள்! விடியற்காலையில் வெளிப்பக்கம் பனித்திருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். வீட்டின் சூடு வெளிக்கண்ணாடிவரை கசியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு பக்கம் தேய்த்தும் விரலுக்கு அகப்படாத ஈரம் மட்டுந்தான் ஒட்டு விட்டதன் அடையாளம்.

சித்தி வீட்டுக்கு வந்து பார்த்த விற்பனையாளர், ஏழு ஜன்னல்களையும் சட்டத்தோடு மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஈரம் கோத்தது இரண்டில். சட்டங்கள் ஏழும் நேராகவே நின்றன. கெட்டுப்போனது இரு கண்ணாடிகளும் ஒட்டிய அந்த அடைப்பு மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம். சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டைகளை மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்து, எது எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை வெளியே எடுத்து அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூன்றையும் அளக்க வேண்டும். தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் கண்ணாடியும் கதவோரக் கண்ணாடியும் உடைந்தால் ஆளை வெட்டாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. மூலையில் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிப் படலம் இருக்கிறதா என்று அறிய ஒரு தீக்குச்சி போதும். சுடரைக் கண்ணாடியின் முன் பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும்; ஒன்று மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் படலம் உண்டு. இதைப் பார்க்காமல் வாங்கினால் புதுக் கண்ணாடியும் பக்கத்துக் கண்ணாடியும் வெயிலில் இருவேறு நிறம் காட்டும்.

புதியதை வைக்கும்போது நேரே சட்டத்தின்மேல் உட்கார வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் சில்லுகளின்மேல்தான் நிற்க வேண்டும். சட்டத்துக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. அவை தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, கண்ணாடியின் விளிம்பு அதில் ஊறி, ஒட்டு காலத்துக்கு முன்பே விட்டுவிடும். சித்தி வீட்டில் நடந்தது அதுதான். ஒரு கம்பியால் குத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கறுப்பாக வெளியே வந்தது.

துளை போட்டு ஈரத்தை உலர்த்தித் தருகிறோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மங்கல் போகும், ஆர்கான் திரும்பாது. மாற்றுவதற்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். ஓரத்தில் சிலிக்கோன் பூசுவது அதைவிட வீண். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தது போலாகும். காற்று கீச்சென்று நுழைவது, கைப்பிடி சுற்றுவது, கதவு தொங்குவது போன்றவை வேறு வகைத் தொல்லைகள். அவை ரப்பர் பட்டையிலும் பூட்டிலும் கீலிலும் இருக்கின்றன. கீல் வாங்கப் போகும்போது நீளத்தோடு, மூடிய கீலின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்கின் உயரம் 13 மில்லிமீட்டரா 17 மில்லிமீட்டரா என்றும் அளந்துகொண்டு போங்கள். இல்லையென்றால் இரண்டு நடை.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அன்றாடப் பேச்சுக்கு ‘இரட்டைக் கண்ணாடிச் சன்னல்’ போதும். ஒரு சிறு இடர்ப்பாடு இருக்கிறது. கண் + ஆடி என்று பிறந்த கண்ணாடி இன்று முகம் பார்ப்பதையும் மூக்கில் மாட்டுவதையும் ஜன்னலில் பதிப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. ‘இரட்டைக் கண்ணாடி’ என்று மொட்டையாகச் சொன்னால் மதுரையில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வழிகாட்டுவார்கள். ஆகவே சன்னலை விட்டுவிடாமல் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் பெரிய குறை வேறு. இந்தப் பெயரும் கண்ணாடியைத்தான் எண்ணுகிறது. வேலை செய்யும் வளியையும் கெட்டுப்போகும் அடைப்பையும் சொல்வதில்லை. அதனால்தான் கண்ணாடி கெட்டது, மெருகு போனது, ஜன்னலே போனது என்று தடுமாறுகிறோம். விற்பனையாளருக்கும் அது வசதி. கடையில் தனியாகக் கேட்டு வாங்கும் அந்த மூடிய அலகுக்கு ‘அடைவளிக் கண்ணாடி’ என்று நான் எழுதிவருகிறேன். காலதரும் தென்வளி தரும் கட்டளையும் காற்றை உள்ளே விட்டன. இது காற்றைச் சிறைவைக்கிறது. அடைவளி வினைத்தொகை என்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி: அடைத்த வளி, அடைக்கின்ற வளி, அடைக்கும் வளி. சித்தி வீட்டு ஜன்னலில் இறந்தகாலம் மட்டும் மிஞ்சியிருந்தது.

சித்திக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. மருந்துக்கடைப் பெயர் போலிருக்கிறதாம். புதுக் கண்ணாடிக்கான சீட்டை எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தடிமன் என்ற இடத்தில் 4-20-4 என்று எழுதினேன். இரண்டு நாலும் கண்ணாடி என்றேன். நடுவில் இருக்கும் இருபதுக்கும் காசு வாங்குவார்களா என்று கேட்டார்.