மாயம் உறுப்புக்கா, வலிக்கா?

கை அல்லது கால் வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் அது இருந்த இடத்தில் வலிப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபான்டம் லிம்ப் பெயின்’ என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஆனால் கால் கட்டைவிரல் முறுக்கிக்கொண்டு வலிக்கும், பாதம் எரியும். தமிழில் ‘மாய உறுப்பு வலி’ என்று எழுதுகிறோம். இந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை.

‘ஃபான்டம்’ என்பது கிரேக்க ‘ஃபான்டஸ்மா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேரில் ‘தோன்றுவது’ என்ற பொருள்தான். ஆவி, பேய் எல்லாம் அப்புறம் ஏறியவை. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இந்த வலியைக் குறித்து எழுதிவிட்டார். ஆனால் பெயரை நிலைக்க வைத்தவர் சைலஸ் வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் கவனித்துக்கொண்ட மருத்துவர். 1871இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ஃபான்டம் லிம்ப்’ புழக்கத்துக்கு வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மாய உறுப்பு வலி’யில் ‘மாய’ எதைத் தழுவுகிறது? உறுப்பையா, வலியையா? காதில் விழும்போது இரண்டும் மாயம் என்றே படுகிறது. ஏற்கெனவே “இல்லாத கால் எப்படிப்பா வலிக்கும்? எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டிலேயே சொல்லக் கேட்டவருக்கு, மருத்துவச் சீட்டிலும் ‘மாய’ என்று எழுதிக் கொடுப்பது நியாயமில்லை. உறுப்புதான் இல்லை, வலி உண்மையானது. அதனால் ‘இழந்த உறுப்பு வலி’ என்பதே சரி என்பேன். வெட்டுப்பட்ட அடிக்கட்டையில் வருவது வேறு வலி. அதை ‘அடிக்கட்டை வலி’ என்று பிரித்தே சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

உறுப்பு போனாலும் மூளையில் அதற்கென இருந்த இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதை எளிமையாகக் காட்டினார். கையிழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கைவிரலைத் தொட்டதுபோல் அவருக்குத் தெரிந்தது. மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கையே அசைவதாக மூளையை நம்பவைக்கும் கண்ணாடிப் பெட்டிச் சிகிச்சையும் அவர் தந்ததுதான்.

மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தொட முயலும் சிகிச்சையின் பெயர் ‘டிரான்ஸ்கிரேனியல் மேக்னெட்டிக் ஸ்டிமுலேஷன்’, சுருக்கமாக டிஎம்எஸ். ‘டிரான்ஸ்’ லத்தீன், ‘கிரேனியம்’ கிரேக்க வழி வந்த மண்டையோடு. ‘ஊடு’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருப்பதால் ‘மண்டையூடு’ என்று கச்சிதமாகச் சொல்லிவிடலாம்.

‘ஸ்டிமுலஸ்’ லத்தீனில் மாட்டைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோல். நம் ‘தூண்டு’ அதைவிட மென்மையானது. விளக்குத் திரியை மெல்ல மேலே தள்ளிச் சுடரைக் கூட்டுவதும் தூண்டல்தான். இந்தச் சிகிச்சைக்கு விளக்குதான் பொருத்தம்.

‘காந்தம்’ வடமொழி. ‘காந்த’ என்றால் பிரியமானது. ‘அயஸ்காந்தம்’ இரும்புக்குப் பிரியமானது. ஆனால் ‘காந்துதல்’ வேறு. “புண் காந்துகிறது” என்கிறோமே, அது நம் சொந்தச் சொல், எரிச்சலைக் குறிப்பது. இழந்த பாதத்தில் இருப்பதும் பல நேரம் அந்தக் காந்தல்தான். காந்தலுக்குக் காந்தம் என்று தமிழில் மட்டும் இப்படி ஓர் ஒலிப்பொருத்தம் விழுந்திருக்கிறது. வேர் ஒன்றல்ல, ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் கூட்டாளிகளும் தலைமேல் கம்பிச்சுருள் வைத்து, மறுபக்கக் கைவிரலைத் துடிக்க வைத்தார்கள். சுருளில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்பும். அது எலும்பைச் சட்டை செய்யாமல் உள்ளே போய் நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். மயக்க மருந்து வேண்டாம். ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ இதுவல்ல. பலர் அதனோடு குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். ‘டக் டக்’ சத்தமும் தலையில் தட்டுவது போன்ற உணர்வும் இருக்கும், சிலருக்குத் தலைவலி வரும், மிக அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகமோ காது உள்வைப்புக் கருவியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொலம்பியாவில் கண்ணிவெடியில் கால் இழந்த 54 பேரிடம் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். (கண்ணிவெடி என்ற சொல்லை ஈழத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) இழந்த காலுக்கு எதிர்ப்பக்க மூளையின் இயக்கப் பகுதியில் நொடிக்கு 10 துடிப்பு வீதம் இரண்டு வாரம், 10 அமர்வுகள். சிகிச்சை முடிந்து 15ஆம் நாளில், ஒப்பிடுவதற்காக, தூண்டல் இல்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்திருந்தது. 30ஆம் நாளில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. ஆக, ‘மண்டையூடு காந்தத் தூண்டல்’ இழந்த உறுப்பு வலியைத் தணிக்கலாம். ‘குணமாக்கும்’ என்று எழுத இன்னும் இடமில்லை.